ஓர் ஊர், இரு வாசிப்புகள்

நுழையும்முன்

நூலக அலமாரி ஒன்றில் நாவலும் வரலாற்று நூலும் அருகருகே இருக்கின்றன. இரண்டிலும் ஊர்கள் வருகின்றன, மனிதர்கள் வருகிறார்கள், நிகழ்வுகள் நடக்கின்றன. ஆயினும் இரண்டையும் நாம் ஒரே மனநிலையில் படிப்பதில்லை. வரலாற்று நூலிடம் கேட்கும் வினாவை நாவலிடம் கேட்டால் நாவல் வாடிவிடும். நாவலுக்குத் தரும் இசைவை வரலாற்று நூலுக்குத் தந்தால் நாம் ஏமாந்துவிடுவோம். எந்த எழுத்திடம் எந்த வினாவைக் கேட்பது என்பதை அறிய, தென்தமிழ்நாட்டின் ஊர் ஒன்றைப் பற்றிய எழுத்துகளை இப்பாடம் துணைகொள்கிறது.

எண்ணிப் பார்க்கக்கூடிய கோபுரம்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவே உள்ளது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஊராகத் திருவில்லிபுத்தூரை வைணவ மரபு போற்றுகிறது. இவ்வூரைப் பற்றிக் கல்வெட்டும் கோவில் வரலாறும் கட்டுரைகளும் உள்ளன, காப்பியமும் உள்ளது. எனவே, இருவகை வாசிப்பையும் ஒப்பிட்டு அறிய இவ்வூர் பொருத்தமான களமாகும்.

‘திருவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோவிலின் கோபுரம் 11 நிலைகளை உடையது’ என்பது ஒரு தொடர். இதைப் படிப்பவர் கோபுரத்தின் முன் நின்று நிலைகளை எண்ணிப் பார்க்கலாம். எண்ணிக்கை பொருந்தினால் அத்தொடர் உண்மை, பொருந்தாவிட்டால் பிழை. எழுதியவரின் நடையழகு இம்முடிவை மாற்றாது. உலகில் உள்ள ஒன்றைச் சுட்டி, ‘இது இவ்வாறு உள்ளது’ அல்லது ‘இது இவ்வாறு நடந்தது’ என உறுதிகூறும் எழுத்தை அல்புனைவு என்கிறோம். வரலாறு, வாழ்க்கை வரலாறு, அறிவியல் கட்டுரை, பயணநூல், செய்தி, அகராதி ஆகியன இவ்வகையின.

எல்லாச் செய்திகளையும் நேரில் எண்ணிப் பார்க்க இயலாது. தமிழ்நாடு அரசின் முத்திரையில் காணப்படுவது திருவில்லிபுத்தூர்க் கோபுரமே என்று பல நூல்கள் கூறுகின்றன. முத்திரையை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் மதுரை மீனாட்சியம்மன் கோவிலின் மேலைக் கோபுரத்தையே மாதிரியாகக் கொண்டார் என்று வேறு சில எழுத்துகள் கூறுகின்றன. இரண்டு கூற்றுகளும் ஒருசேர உண்மையாக இருத்தல் இயலாது. இங்கே ஊர்ப்பற்றைக் கொண்டு முடிவுசெய்யலாகாது. கூறியவர் யார், எப்போது கூறினார், அவருக்கு அச்செய்தி எவ்வாறு தெரியும், அதற்கு ஆவணம் உண்டா என்று வினவ வேண்டும். அல்புனைவைப் படிப்பவர் ஏறத்தாழ ஒரு நடுவரைப் போன்றவர். சான்றுகளைக் கேட்பதும் ஒப்பிடுவதும் அவர் கடமை.

இரண்டு சாட்சிகள்

இக்கடமை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரைப் பற்றிய எழுத்துகள் சான்றாகும். 1509 முதல் 1529 வரை ஆட்சிசெய்த அவரைப் பற்றிப் போர்ச்சுக்கீசியர் இருவர் எழுதியுள்ளனர். ஏறத்தாழ 1520ஆம் ஆண்டில் விசயநகரத்தில் இருந்த தொமிங்கோ பயஸ், தாம் கண்ட அரசரின் தோற்றத்தை விவரிக்கிறார். நடுத்தர உயரம், நல்ல நிறம், சற்றுப் பருத்த உடல், முகத்தில் அம்மைத் தழும்பு என அவர் குறிப்பு அமைகிறது. அரசரைப் புகழ்ந்துகொண்டே தழும்பையும் மறைக்காமல் எழுதியிருப்பதால் அவர் சொல்லுக்கு எடை கூடுகிறது.

பெர்னாவோ நூனிஸ் குதிரை வணிகர். அரசர் மறைந்த சில ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர். இராய்ச்சூர்ப் போர் நடந்த ஆண்டை 1522 என்று அவர் குறித்தார். இவ்விருவரின் குறிப்புகளையும் ஆங்கிலத்தில் வழங்கி, 1900இல் விசயநகர வரலாற்றை நூலாக வெளியிட்ட இராபர்ட் சிவெல், நாளும் கிழமையும் பிற குறிப்புகளும் ஒத்துவருகின்றனவா என ஆராய்ந்து, அப்போர் 1520இல் நடந்தது என முடிவுசெய்தார். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு வாசகர் தம் கைந்நூலின் பிழையைத் திருத்தினார். அல்புனைவு இவ்வாறு திருத்தப்படக்கூடியது. அதன் பெருமையும் இத்தன்மையைச் சார்ந்ததே.

வாத்துகளும் ஒரு சிரிப்பும்

போர்ச்சுக்கீசியர் புறத்தோற்றத்தை விவரித்த அதே அரசர், தெலுங்கில் ‘ஆமுக்த மால்யதா’ என்னும் காப்பியத்தை இயற்றினார். சூடிக்கொடுத்தவள் என்பது அத்தலைப்பின் பொருள், காப்பியத்தின் மையம் ஆண்டாள், கதைக்களம் திருவில்லிபுத்தூர். கலிங்கப் படையெடுப்பின்போது திருமால் தம் கனவில் தோன்றி இக்கதையைத் தெலுங்கில் பாடுமாறு பணித்ததாக அரசர் நூலின் முகப்பில் கூறுகிறார். இராசபாளையத்தில் 1933இல் பிறந்த பன்மொழி அறிஞர் மு. கு. ஜகந்நாத ராஜா இதனைத் தமிழில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்புக்குச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது 1989இல் வழங்கப்பட்டது. தமிழகத்து ஊரின் கதை தெலுங்குக்குச் சென்று, அவ்வூரின் அண்டை நகரத்தவர் ஒருவரின் உழைப்பால் தமிழுக்குத் திரும்பி வந்தது.

அக்காப்பியத்தின் தொடக்கப் பகுதியில் திருவில்லிபுத்தூரின் விடியற்காலைக் காட்சி ஒன்று வருகிறது. வயல்களின் கால்வாய்களில் வாத்துகள் சிறகுக்குள் தலையைப் புதைத்து உறங்குகின்றன. ஊர்க்காவலர் அவற்றைத் தொலைவிலிருந்து காண்கின்றனர். விடியலில் நீராடிச் சென்ற அந்தணர்கள் மறந்துவிட்டுச் சென்ற துணிச்சுருள்கள் என எண்ணுகின்றனர். அவற்றை எடுத்து அவரவர் வீட்டில் சேர்க்கும் நோக்குடன் துறையில் இறங்குகின்றனர். துணிகள் திடுமென விழித்து ஓடுகின்றன! நெற்கதிரைக் காவல்காக்கும் பெண்கள் அதைக் கண்டு சிரிக்கின்றனர்.

இக்காட்சியிடம் ‘எந்த ஆண்டு நடந்தது? காவலர் எத்தனை பேர்? அவர்கள் பெயர் என்ன?’ என்று கேட்டுப் பார்க்கலாம். விடை கிடைக்காது, கிடைக்காததால் காட்சிக்கு எந்தக் குறையும் இல்லை. நடந்ததாக உறுதிகூறிக் கவிஞர் இதனை எழுதவில்லை. ‘இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம்’ என்று வாசகரை அழைக்கிறார். அவ்வழைப்பை ஏற்று உள்ளே செல்பவருக்கே காட்சி திறக்கிறது. கால்வாயில் நீர் நிறைந்திருக்கிறது. வயலில் நெல் விளைந்திருக்கிறது. மறந்துபோன பிறர் துணியைத் தேடிக் கொண்டுசேர்ப்பதைக் காவலர் தம் பணியாகக் கருதுகின்றனர். எளிய உழைப்பாளிப் பெண்கள் காவலரைப் பார்த்து அச்சமின்றிச் சிரிக்கின்றனர். வளமும் நேர்மையும் அச்சமின்மையும் உள்ள ஊர் இது என்று கவிஞர் எங்கும் சொல்லவில்லை. வாத்துகளையும் ஒரு சிரிப்பையும் காட்டி, அம்முடிவுக்கு நம்மையே வரச்செய்கிறார்.

எழுத்தாளர் சொல்லாமல் விட்டதை வாசகர் தம் மனத்தில் நிறைவுசெய்வது புனைவு வாசிப்பின் இன்றியமையாத செயலாகும். இதற்காகப் புனைவு எதையும் சொல்லலாம் என்பது பொருளன்று. வாத்து சிறகில் தலை புதைத்து உறங்கும் இயல்பை உற்றுநோக்காத கவிஞர் இக்காட்சியைப் படைத்திருக்க இயலாது. நிகழ்ச்சி கற்பனையாக இருக்கலாம். அதைத் தாங்கும் உலகியல் பிழையாக இருத்தல் கூடாது.

தமிழ் மரபு வகுத்த இலக்கணம்

புனைவின் இத்தன்மையைத் தமிழ் மரபு மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. நாடக வழக்கு, உலகியல் வழக்கு ஆகிய இரண்டும் இணைந்ததே பாடலுக்குரிய புலனெறி வழக்கம் என்று தொல்காப்பியம் கூறுகிறது. புனைந்துரைக்கும் நாடகத் தன்மையும் உலக நடைமுறையும் சேர்ந்தே இலக்கியம் உருவாகிறது என்பது அதன் கருத்து. அகத்திணைப் பாடலில் தலைவன், தலைவி இயற்பெயரைச் சுட்டிக் கூறுதல் கூடாது என்னும் விதியும் அந்நூலில் உண்டு. பெயர் வந்துவிட்டால், ‘இது யாருக்கு நடந்தது?’ என்னும் வினா எழும். பெயர் இல்லாதபோது, ‘இவ்வாறு பிரிந்திருப்பது எத்தகையது?’ என்னும் வினாவே எஞ்சும்.

நெடுநல்வாடை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரிவால் வாடும் தலைவியையும் பாசறையில் இருக்கும் தலைவனையும் பாடும் அப்பாட்டு அகத்திணைக்குரிய அமைப்பை உடையது. ஆனால், அதில் வேலோடு சேர்த்து வேம்பு குறிக்கப்படுகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம். அக்குறிப்பு தலைவன் இன்னான் எனச் சுட்டிவிடுவதால் அப்பாட்டு புறத்திணையாயிற்று என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். ஒரு மரத்தின் பெயர் வாசிப்பின் திசையையே மாற்றக்கூடும் என்பதை நம் உரையாசிரியர்கள் அறிந்திருந்தனர்.

ஒரே கை எழுதிய இரண்டு நூல்கள்

இருவகை எழுத்தும் ஒரே மனிதரிடமிருந்து வரலாம். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் 1923இல் பிறந்த கி. ராஜநாராயணன், ‘கோபல்ல கிராமம்’ என்னும் நாவலை 1976இல் வெளியிட்டார். கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதி ஒன்றையும் உருவாக்கினார். மண் ஒன்று, மக்கள் ஒன்று, சொற்களும் பெரும்பாலும் ஒன்று. ஆயினும் இவ்விரு நூல்களையும் கையில் எடுக்கும் முறை வேறு.

அகராதியை முதற்பக்கத்திலிருந்து இறுதிவரை படிக்க வேண்டியதில்லை. தேவையான சொல்லை அகரவரிசையில் தேடி, பொருளறிந்து, மூடிவைத்துவிடலாம். அதில் பேசுபவர் தொகுப்பாசிரியரே. பொருள் தவறாக இருந்தால் அவரே பொறுப்பு. நாவலை அவ்வாறு இடையில் திறந்து ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு போக முடியாது. முன்னர் நடந்தது நினைவில் இருந்தால்தான் பின்னர் வருவது மனத்தைத் தொடும். நாவலின் கதைச்சுருக்கத்தை மட்டும் படித்தவர், நாவலைப் படித்தவர் ஆகார்.

நாவலில் பேசுபவரும் வேறு. கோபல்ல கிராமத்தின் முன்கதையை மங்கத்தாயாரு அம்மாள் என்னும் முதுபெரும் பாட்டி கூறுகிறார். குடும்பத்துப் பெண் ஒருத்தியைக் காக்க, தெலுங்கு நாட்டிலிருந்து மக்கள் கூட்டமாக வெளியேறுகின்றனர். துரத்துவோர் நெருங்கும் வேளையில் ஆறு குறுக்கிடுகிறது. கரையில் நின்ற மரம் வளைந்து அவர்கள் கடந்துசெல்ல வழிதருகிறது. ‘மரம் வளையுமா?’ என்று தாவரவியல் நூலைத் தேடுபவர் கதையின் வெளியிலேயே நின்றுவிடுகிறார். பிறந்த மண்ணை ஒரே இரவில் இழந்தவர்கள், தங்களுக்கு இயற்கையேனும் துணைநின்றது என்று நம்பாமல் அத்துயரை எவ்வாறு கடந்திருக்க முடியும் என எண்ணுபவர் கதைக்குள் நுழைகிறார். மரம் வளைந்தது என்று கூறுபவர் பாட்டி. அப்பாட்டியைப் படைத்தவர் கி. ராஜநாராயணன். கதைசொல்லியின் குரலையும் ஆசிரியரின் கருத்தையும் பிரித்தறிவது புனைவு வாசிப்பின் முதற்பாடம்.

தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் ஊர் இராசபாளையம். அவர்களின் முன்னோர் எப்போது, எந்த வழியாக, எக்காரணத்தால் வந்தனர் என்பதை அறிய வேண்டுமெனில் வரலாற்று ஆய்வுகளை நாட வேண்டும். புலம்பெயர்தல் ஒரு குடும்பத்தின் நினைவில் எத்தகைய வடுவாகவும் பெருமையாகவும் தங்கியிருக்கும் என்பதை உணர நாவலை நாட வேண்டும். ஒன்றின் பணியை மற்றொன்று செய்ய இயலாது.

தெரிந்து தெளிவோம்

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் ஆதித்த கரிகாலனின் கொலை முதன்மையான நிகழ்வு. காட்டுமன்னார்கோவிலைச் சார்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, அக்கொலையில் தொடர்புடைய இரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் எனக் குறிப்பிட்டு, அவர்களின் உடைமை பற்றிய அரச ஆணையைக் கூறுகிறது. கொலைக்கான காரணத்தைக் கல்வெட்டு கூறவில்லை. வரலாற்றறிஞர்கள் அதில் வேறுபடுகின்றனர். கல்வெட்டு மௌனமாக உள்ள இடத்தில் நாவல் பேசுகிறது. நந்தினி கல்கி படைத்த கதைமாந்தர். நாவலில் அவர் உயிருள்ளவர். வரலாற்றுத் தேர்வின் விடைத்தாளில் அவருக்கு இடமில்லை.

வினா இடம்மாறும்போது

இருவகை எழுத்துக்கும் இடையே வேலி உண்டு. அதில் வாயிலும் உண்டு. வாத்துக் காட்சியைக் கொண்டு, கிருஷ்ணதேவராயர் காலத்தில் நெல்வயலும் கால்வாயும் எவ்வாறு கற்பனைசெய்யப்பட்டன என வரலாற்றறிஞர் ஆராயலாம். ஆனால், நாட்டுவளத்தை உயர்த்திப் பாடுவது காப்பிய மரபு என்பதை அவர் மறத்தலாகாது. கல்வெட்டு முதலிய பிற சான்றுகளோடு ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறுவார். அதுபோலவே, வரலாற்று நூலும் கதைபோலச் சுவையாக எழுதப்படலாம். அச்சுவை அதன் உண்மைக்குச் சான்றாகாது.

வினாக்கள் இடம்மாறும்போதுதான் தீங்கு நேர்கிறது. நாவலில் ஒரு கதைமாந்தர் கூறும் கடுஞ்சொல்லை ஆசிரியரின் கொள்கை எனக் கொண்டு அவர்மீது சினம்கொள்வது ஒருவகைத் தீங்கு. கைப்பேசிக்கு வந்துசேரும் செய்தி கண்ணீரை வரவழைக்கிறது என்பதற்காக, எழுதியவர் யார் என்றும் கேட்காமல் நூறு பேருக்கு அனுப்புவது மற்றொரு வகைத் தீங்கு. முன்னவர் புனைவிடம் சான்று கேட்கிறார். பின்னவர் செய்தியிடம் சான்று கேட்க மறக்கிறார். ஊரில் இல்லாத குழந்தைத் திருடர்களைப் பற்றி உருக்கமாகப் புனையப்பட்ட வதந்திகள், வழிப்போக்கர்களின் உயிரையே பறித்த நிகழ்வுகளை நம் நாடு கண்டுள்ளது. கதையின் உருவில் வந்த பொய், சான்று கேட்கப்படாமல் செய்தியாக ஏற்கப்பட்டதன் விளைவு அது.

அல்புனைவை மட்டும் படிப்பவர் உலகின் செய்திகளை அறிவார். தம்மினும் வேறான ஒருவராக ஒருநாள் வாழ்ந்து பார்க்கும் வாய்ப்பை இழப்பார். புனைவை மட்டும் படிப்பவர் பலரது மனத்துக்குள் சென்றுவருவார். தம் வீட்டுப் பத்திரத்தையும் மருந்துக் குறிப்பையும் தேர்தல் வாக்குறுதியையும் ஆராய்ந்து படிக்கும் பயிற்சியை இழப்பார். மொழிபெயர்ப்பாளருக்கு இவ்விரண்டும் ஒருசேர வேண்டும். கால்வாயில் உறங்கும் பறவை எது என்று அகராதியைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அது ஓடியபோது எழுந்த சிரிப்பைத் தம் காதால் கேட்கவும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் பாடல் மறுமொழியில் உயிர்பெறாது. மொழிபெயர்ப்பாளருக்குக் கூறிய இத்தகுதி, பொறுப்புள்ள வாசகர் ஒவ்வொருவருக்கும் பொருந்தும். நூலைத் திறந்தவுடன், ‘இது என்னிடம் உறுதி கூறுகிறதா, என்னை உடன் அழைக்கிறதா?’ என்று கேட்டறிதல் வேண்டும். உறுதி கூறுமாயின் சான்று கேட்போம். அழைக்குமாயின் உடன் செல்வோம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் அல்லது அண்டை ஊரைப் பற்றிய கட்டுரை ஒன்றையும் அவ்வட்டாரத்தைக் களமாகக் கொண்ட சிறுகதை ஒன்றையும் நூலகத்தில் தேடிப் படிக்க. இரண்டும் உங்களிடம் எழுப்பிய வினாக்களைத் தனித்தனியே பட்டியலிடுக.

2. உங்கள் ஊர்க்கோவில், ஏரி, பள்ளி ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்றைத் தேர்ந்து, அதன் உண்மையை எந்தெந்தச் சான்றுகளால் அறியலாம் எனக் குழுவாகக் கலந்துரையாடுக.

3. உங்கள் தெருவின் விடியற்காலையை முதலில் ஐந்து தொடர்களில் செய்தியாகவும், பின்னர் ஐந்து தொடர்களில் கதைத் தொடக்கமாகவும் எழுதுக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. ‘ஆமுக்த மால்யதா’ காப்பியத்தின் கதைக்களம்
அ) விசயநகரம்
ஆ) திருவில்லிபுத்தூர்
இ) இராய்ச்சூர்
ஈ) இடைசெவல்

2. நெடுநல்வாடை புறத்திணையாகக் கருதப்படக் காரணமான குறிப்பு
அ) வேல்
ஆ) பாசறை
இ) வேம்பு
ஈ) வாடைக்காற்று

*குறுவினா*

1. அல்புனைவு என்பது யாது? இரண்டு சான்றுகள் தருக.
2. அகப்பாடலில் இயற்பெயரைச் சுட்டாமையால் விளையும் பயன் யாது?

*சிறுவினா*

1. இராய்ச்சூர்ப் போரின் ஆண்டு திருத்தப்பட்ட செய்தி, அல்புனைவு வாசிப்பின் எப்பண்பை விளக்குகிறது?
2. வாத்துக் காட்சியில் கவிஞர் சொல்லாமல் உணர்த்துவன யாவை?

*நெடுவினா*

‘புனைவிடம் சான்று கேட்பதும் செய்தியிடம் சான்று கேட்க மறப்பதும் தீங்கானவை.’ இக்கருத்தைப் பாடப்பகுதி கொண்டும் உங்கள் வாசிப்பு அனுபவம் கொண்டும் விளக்குக.